சமர்கந்து என்றதும் துள்ளிய நாடி: மஸ்னவியின் முதல் கதையை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய பாரசீக இலக்கியத்தை உளவியலோடு சேர்த்துப் படிக்கப்போகிறேன் என்று யாராவது கிளம்பினால் பெரும்பாலும் பாத்திரங்களுக்கு மருத்துவச் சீட்டு எழுதிக் கொடுப்பதில்தான் போய் முடியும். மஜ்னூனுக்கு ஒரு நோய்ப் பெயர், ஃபர்ஹாதுக்கு ஒன்று, பெற்ற மகன் என்று தெரியாமல் சொஹ்ராபைக் குத்திக் கொன்ற ருஸ்தமுக்கு இன்னொன்று. எனக்கு அதில் ருசி இல்லை. பெயரை ஒட்டியதும் கதை நின்றுவிடுகிறது, அப்புறம் படிக்க என்ன இருக்கிறது?

உளவியலில் நோய்ப் பெயர்களைத் தவிர வேறு சரக்கும் உண்டு. கேள்விகளை எந்த வரிசையில் வைப்பது, எதிரே இருப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று எப்படிக் குறித்துக்கொள்வது, அந்தத் தடுமாற்றத்துக்கு நாம் நினைப்பதுதான் காரணமா என்று எப்படிச் சரிபார்ப்பது, இப்படிச் சில உத்திகள். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரசீக சூஃபிக் கவி ஜலாலுத்தீன் ரூமியின் மஸ்னவி என்ற நெடுங்கவிதையில் வரும் முதல் கதையைப் பார்த்தால் என்ன கிடைக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், கதைக்குள்ளேயே ஒரு வைத்தியர் ஒரு பெண்ணின் நாடியைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். உத்தியை வெளியிலிருந்து கொண்டுபோய்த் திணிக்க வேண்டிய வேலையே இல்லை.

நோயாளி யார்

மஸ்னவி ஆறு புத்தகங்கள், சுமார் 25,000 ஈரடிகள். ரூமி இன்றைய துருக்கியில் உள்ள கொன்யாவில் இருந்தபடி சொல்லச் சொல்ல, சீடர் ஹுசாமுத்தீன் சலபி எழுதிக்கொண்டார். நூலின் முகப்பான புல்லாங்குழலின் புலம்பல் முடிந்ததும் இந்தக் கதை தொடங்கிவிடும். இருநூறு ஈரடிக்குச் சற்று மேல் போகும்.

ஒரு ராஜா வேட்டைக்குப் போகிறார். வழியில் ஓர் அடிமைப் பெண்ணைப் பார்த்து மயங்கி, காசு கொடுத்து வாங்கிவிடுகிறார். வாங்கிய கொஞ்ச நாளில் அவள் படுத்த படுக்கையாகிறாள், உடம்பு முடிபோல் மெலிகிறது. அவளுக்குப் பெயர் கிடையாது. கதை முடியும் வரை பெயர் இல்லை என்பதை இப்போதே கவனித்து வைத்துக்கொள்ளலாம்.

ராஜா வைத்தியர்களைக் கூட்டுகிறார். அவர்களும் கூட்டாக யோசித்துக் குணப்படுத்திவிடுவோம் என்று மார்தட்டுகிறார்கள், ஆண்டவன் நாடினால் என்ற சொல் அவர்கள் வாயில் வரவில்லை. கொடுத்த மருந்தெல்லாம் எதிராக வேலை செய்கிறது. பித்தத்தைத் தணிக்க வேண்டிய காடித் தேன்பாகு பித்தத்தை ஏற்றுகிறது, பாதாம் எண்ணெய் வறட்சியை உண்டாக்குகிறது, வயிற்றை இளக்க வேண்டிய கடுக்காய் மலச்சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. கடைசியில் ராஜா வெறுங்காலோடு மசூதிக்கு ஓடி அழுகிறார், கனவில் ஒரு பெரியவர் வந்து, நாளைக்கு ஒருவர் வருவார் என்கிறார், மறுநாள் புது ஹகீம் வந்து சேர்கிறார். இந்தப் பகுதியை உளவியல் கண்ணாடி போட்டுப் பிழிய வேண்டியதில்லை. முதலில் வந்தவர்கள் உடம்பை மட்டும் பார்த்தார்கள், அதுவும் கேட்காமல் பார்த்தார்கள் என்பது போதும்.

அறையைக் காலி செய்யுங்கள்

புது ஹகீம் முகத்தின் நிறத்தையும் நாடியையும் சிறுநீரையும் பார்த்துவிட்டு, இது பித்தமும் இல்லை கரும்பித்தமும் இல்லை, மனசு என்று முடிவுகட்டுகிறார். கட்டினாலும் வெளியே சொல்லவில்லை. ராஜாவிடம், வீட்டைக் காலி செய்யுங்கள், தாழ்வாரத்தில்கூட ஒருவரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்கிறார். ராஜாவும் வெளியே போகிறார்.

அப்புறம் அவர் கேட்கும் முதல் கேள்வி இருக்கிறதே, அது அபாரம். உன் ஊர் எது, ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் வைத்தியம் வேறுபடுமே, என்று மெதுவான குரலில் கேட்கிறார். கேட்பவளுக்கு இது வைத்தியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, பயப்பட ஒன்றுமில்லை. அந்த ஊரில் சொந்தக்காரர் யார், யாரோடு பழக்கம் என்று பேச்சை வளர்க்கிறார், கை மட்டும் நாடியில் இருக்கிறது. இங்கே ரூமி கதையை நிறுத்திவிட்டு முள் பற்றிப் பேசுகிறார். காலில் முள் குத்தினால் காலை முழங்கால் மேல் தூக்கி வைத்து ஊசி முனையால் தேடுகிறோம், தென்படாவிட்டால் எச்சில் தொட்டு ஈரமாக்குகிறோம். காலில் ஏறிய முள்ளுக்கே இந்தப் பாடு என்றால் மனதில் ஏறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவன் கழுதையின் வாலுக்கடியில் முள்ளை வைத்துவிடுகிறான். எடுக்கத் தெரியாத கழுதை குதிக்கிறது, குதிக்கக் குதிக்க முள் இன்னும் ஆழமாக இறங்குகிறது. தன் வலியை எங்கே என்று சொல்லத் தெரியாதவர் படும் பாட்டுக்கு இதைவிடத் துல்லியமான விவரிப்பை நான் பாடப்புத்தகங்களில் பார்த்ததில்லை.

பிறகு ஊர் ஊராகப் போகிறார்கள். எந்தப் பெயருக்கும் நாடி அசையவில்லை, முகம் மாறவில்லை. சமர்கந்து என்ற பெயர் வந்ததும் நாடி துள்ளுகிறது, முகம் சிவந்து வெளுக்கிறது. அந்த ஊர்ப் பொற்கொல்லன் ஒருவனைப் பிரிந்து வந்தவள் அவள். எந்தத் தெரு என்கிறார். பாலத்து முனை, காத்தஃபர் தெரு என்கிறாள்.

இந்த முறையை ரூமி தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1025 வாக்கில் முடிந்த தன் பெரிய மருத்துவ நூலில், மூளை நோய்களின் வரிசையில் காதலையும் ஒரு நோயாக வைத்த பாரசீக மருத்துவர் இப்னு சீனா, நாடியைப் பிடித்துக்கொண்டு பல பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், ஒரு பெயருக்கு நாடி மாறினால் அதோடு தெரு, வீடு, தொழில் என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஆள் அகப்படும், நானே செய்து பார்த்திருக்கிறேன் என்கிறார். சமர்கந்துக்காரரான நிஜாமி அரூஸி 1150-களில் எழுதிய சஹார் மகாலா என்ற நூலில் இது கதையாகவே வருகிறது. ஈரானின் குர்கான் நகரில் மன்னர் காபூஸின் உறவுக்கார இளைஞன் படுத்துக் கிடக்க, ஊரின் எல்லாப் பேட்டைகளும் தெரிந்த ஒருவனை அழைத்துப் பெயர்களைச் சொல்ல வைத்து இப்னு சீனா கண்டுபிடிக்கிறார். நல்ல கதை, ஆனால் நடந்திருக்க வாய்ப்பில்லை. காபூஸைத் தேடிக்கொண்டுதான் போனேன், அதற்குள் அவர் பிடிபட்டுக் காவலில் இறந்துவிட்டார் என்று இப்னு சீனாவே தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

எல்லோருக்கும் முன்னால், இரண்டாம் நூற்றாண்டு ரோமில் கிரேக்க மருத்துவர் கேலன் செய்தது இன்னும் நேர்த்தி. தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்க்கப் போனபோது, யாரோ தியேட்டரிலிருந்து வந்து, பைலடீஸ் ஆடுவதைப் பார்த்தேன் என்றார்கள். அவள் முகம் மாறியது, நாடி தாறுமாறானது. கேலன் அதோடு திருப்தி அடையவில்லை. மறுநாள் வேறொரு ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லச் செய்தார், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் இன்னொரு பெயர், அதற்கும் ஒன்றுமில்லை. நான்காம் நாள் மறுபடி பைலடீஸ், நாடி குதித்தது. இந்த இரண்டு வெற்றுப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பின்னால் தேவைப்படும்.

நவீன வடிவம் 1904-இலிருந்து வருகிறது. சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் கார்ல் யூங் சொல் தொடர்புச் சோதனை நடத்தினார். நூறு சொற்கள் கொண்ட பட்டியல், கையில் ஸ்டாப்வாட்ச், ஒவ்வொரு சொல்லுக்கும் மனதில் முதலில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். என்ன பதில் என்பதைவிட எங்கே பதில் தாமதமாகிறது, எங்கே கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்கிறார், இரண்டாம் சுற்றில் எங்கே பதில் மாறுகிறது என்பதைத்தான் அவர் பார்த்தார். பின்னாளில் தோலின் மின்கடத்தலையும் அளந்தார்கள். 1959-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் குற்றவாளிகளுக்காக முன்வைத்த சோதனையும் கிட்டத்தட்ட ஹகீமின் வரிசைதான். சம்பந்தமில்லாத பல பெயர்களுக்கு நடுவே சம்பந்தமுள்ள ஒன்றை வைத்து உடம்பு எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்பது.

ஒற்றுமையைக் கண்டு குதூகலிப்பதில் தப்பில்லை, ரூமி ஃப்ராய்டுக்கு முன்பே எல்லாம் தெரிந்தவர் என்று பெருமைப்பட ஆரம்பித்தால்தான் சிக்கல். நாடி துள்ளியது என்றால் இங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம், அது காதலா பயமா அவமானமா என்று நாடி சொல்லாது. ஹகீம் அதைத் தெரிந்து வைத்திருக்கிறார். துள்ளியவுடன் தீர்ப்பு எழுதாமல் அவளிடமே மேற்கொண்டு கேட்கிறார், மீதியை அவள் வாயால் சொல்ல வைக்கிறார். அறையை விட்டு ராஜாவை வெளியே அனுப்பியதும் இதற்காகத்தான்.

சிகிச்சை என்ற பெயரில்

இதுவரை பாராட்டலாம். இனிமேல் நெருடல்.

உன் கவலை என்னுடையது, நூறு தகப்பன்மாரைவிட நான் உன்மேல் பரிவு உள்ளவன், ராஜாவே துருவித் துருவிக் கேட்டாலும் இதை யாரிடமும் சொல்லாதே என்று ஹகீம் சொல்கிறார், அவள் பயம் நீங்குகிறாள். சொன்ன கையோடு எழுந்துபோய் ராஜாவிடம் விஷயத்தைக் கொஞ்சம் உடைக்கிறார். பொன்னும் பட்டும் காட்டிப் பொற்கொல்லனை வரவழையுங்கள் என்கிறார். அவன் ஊரையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சந்தோஷமாகக் குதிரை ஏறி வருகிறான். பெண்ணை அவனுக்கே கொடுக்கிறார்கள். ஆறு மாதம் சேர்ந்து வாழ்கிறார்கள், அவள் முழுசாகத் தேறிவிடுகிறாள். அதற்கப்புறம் ஹகீம் ஒரு சர்பத் தயாரிக்கிறார். அதைக் குடித்துக் குடித்து அவன் உருகிப்போகிறான், அழகு போகிறது, முகம் மஞ்சளிக்கிறது, அவள் மனம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிப்போகிறது. நிறத்துக்காக வரும் காதல் காதலே அல்ல, முடிவில் அவமானம்தான் என்று ரூமி ஒரு வரி போடுகிறார், இன்றும் பழமொழிபோலப் புழங்கும் வரி. அவன் சாகிறான். அவள் நோயும் காதலும் நீங்கித் தூய்மையானாள் என்று அரை ஈரடி. அதோடு அவள் கதையிலிருந்தே காணாமல் போகிறாள்.

இதைப் பற்றுதல் முறிக்கும் சிகிச்சை என்று இன்றைய மொழியில் பூசி மெழுகுகிறவர்கள் உண்டு. இப்னு சீனாவும் காதலியைப் பற்றி நோயாளியிடம் இழிவாகப் பேசக் கிழவிகளை ஏற்பாடு செய்யச் சொல்கிறார், உண்மைதான். ஆனால் வேறு எதுவும் பலிக்காதபோது முறைப்படி இருவரையும் சேர்த்துவைப்பதே வழி என்றும் அவர் எழுதியிருக்கிறார். கதையின் ஹகீம் அதைச் செய்கிறார், அது பலிக்கிறது, ஆறு மாதத்தில் அவள் குணமாகிவிட்டாள். அப்புறம் எதற்கு விஷம்? எந்த நிகழ்வு ஆய்விலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை இங்கே கேட்டால் பதில் கிடைத்துவிடும். இந்த வைத்தியரை வரவழைத்தது யார், யாருக்குக் குணமாக வேண்டும் என்று? வரவழைத்தவர் ராஜா. விஷம் தீர்த்துவைப்பது ராஜாவின் பிரச்சினையை. அவளுக்கு என்ன வேண்டும் என்று இருநூறு ஈரடியில் ஒருவரும் கேட்கவில்லை.

ராஜா என்பது ஆன்மா, பெண் என்பது கீழான மனம், பொற்கொல்லன் உலகத்து ஆசை, ஹகீம் குரு, ஆகவே கொலை கொலை அல்ல என்று மரபான உரைகள் சொல்லும். சும்மா தட்டிக் கழிக்க முடியாத வாதம் அது. நண்பர்களே கேளுங்கள், இது நம் சொந்த நிலைமையே என்று ரூமியே கதையைத் தொடங்குகிறார். சரி, ஆசைக்கு விஷம் வைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஆசை சாகும்போது பேசுமா? பொற்கொல்லன் பேசுகிறான். கஸ்தூரிக்காக வேட்டைக்காரன் ரத்தம் சிந்த வைத்த மான் நான், தோலுக்காகத் தலை வெட்டப்பட்ட நரி நான், தந்தத்துக்காக வீழ்த்தப்பட்ட யானை நான், என் ரத்தம் தூங்காது, இன்று எனக்கு நாளை அவனுக்கு, இந்த உலகம் மலை, நம் செயல் அதில் எழுப்பும் சத்தம், எதிரொலி திரும்பி வரும் என்கிறான். கொல்லப்பட வேண்டிய வெறும் குறியீட்டுக்கு இவ்வளவு நல்ல வரிகளை எந்தக் கவியும் சும்மா கொடுத்துவிட மாட்டான்.

எழுத்தின் நாடி

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். யூங்கின் உத்தியைப் பாத்திரங்களின்மேல் போடாமல் எழுத்தின்மேல் போட்டுப் பார்த்தால் என்ன? சொல்பவர் எங்கே தாமதிக்கிறார், எங்கே தேவைக்கு மேல் விளக்குகிறார், எங்கே பேச்சை மாற்றுகிறார்?

முதல் இடம் கொலைக்கு அடுத்து வருகிறது. அது இறை ஆணையால் நடந்தது, மன இச்சையால் அல்ல என்று தனித் தலைப்பே போட்டு விளக்கம் வருகிறது. குர்ஆனில் வரும் ஞானி கித்ரு இறை ஆணையால் சிறுவனைக் கொன்றதை உதாரணம் காட்டுகிறார். ரத்தம் எடுக்க வரும் கத்தியைப் பார்த்துக் குழந்தை நடுங்கும், தாய் மகிழ்வாள் என்கிறார். ஒரு முஸ்லிமின் ரத்தம் சிந்துவதுதான் அந்த ராஜாவின் நோக்கம் என்றால் நான் அவர் பெயரை எடுத்திருந்தாலே காஃபிர் ஆவேன் என்று சத்தியம் செய்கிற அளவுக்குப் போகிறார். கேட்டவர்கள் முகம் சுளித்திருப்பார்கள் போல, அல்லது சொன்னவருக்கே உறுத்தியிருக்கும். எப்படியோ, இடம் சூடாக இருக்கிறது.

இரண்டாவது இடம் அதைவிட முக்கியம், அது ஹகீம் நாடி பிடிப்பதற்குச் சற்று முன்னால் வருகிறது. இது காதல் நோய் என்று ஹகீம் தெரிந்துகொண்டதும் ரூமி காதலைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார், சொற்கள் போதவில்லை என்கிறார், சூரியனுக்குச் சூரியனே சாட்சி என்கிறார். சூரியன் என்றதும் ஷம்ஸ் வந்துவிடுகிறார், அரபியில் ஷம்ஸ் என்றாலே சூரியன்தான். ஷம்ஸ் தப்ரீஸி, 1244 நவம்பரில் கொன்யாவுக்கு வந்து ரூமியின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டவர், சில வருடங்களில் காணாமல் போனவர். மஸ்னவி சொல்லப்படும்போது அது நடந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் வந்ததும் கதை நின்றுவிடுகிறது. ஹுசாமுத்தீன் விடவில்லை. இத்தனை வருடப் பழக்கத்துக்காகவாவது அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். என்மேல் சுமையை ஏற்றாதே, என் உடம்பில் ஒரு நரம்புகூடத் தெளிவாக இல்லை, இந்தப் பிரிவையும் இந்த ரத்தத்தையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்கிறார் ரூமி. பசிக்கிறது, இப்போதே கொடுங்கள், காலம் வெட்டும் வாள் என்கிறார் சீடர். அன்புக்குரியவர்களின் ரகசியம் மற்றவர்களின் கதையில் சொல்லப்படுவதே நல்லது, கதைக்குள் காது கொடு என்கிறார் ரூமி. இல்லை, திரை போடாமல் சொல்லுங்கள் என்று இவர் மறுபடி இழுக்க, வைக்கோல் துரும்பு மலையைத் தாங்காது, குழப்பத்தையும் ரத்தத்தையும் தேடாதே, ஷம்ஸைப் பற்றி இனி பேசாதே என்று முடித்துவிட்டுக் கதைக்குத் திரும்புகிறார். திரும்பியதும் வரும் காட்சி, வீட்டைக் காலி செய்யுங்கள்.

ஒரு பெயருக்கு உடம்பு துள்ளும் பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால், ஒரு பெயருக்குத் தன் பேச்சே துள்ளி நின்றதை ரூமி காட்டிவிட்டார். கேள்வி கேட்பவர் ஹுசாமுத்தீன், மாட்டிக்கொண்டவர் ரூமி. பெண் பதில் சொன்னாள், இவர் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் சமர்கந்தும் வெறும் எதுகைக்காக வந்த ஊர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. ரூமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடும்பம் அங்கே இருந்தது, குவாரஸ்ம் நாட்டு மன்னரான குவாரஸ்ம்ஷா அந்த நகரை முற்றுகையிட்டபோது நாங்கள் அங்கிருந்தோம், எங்கள் தெருப்பக்கம் ஒரு பேரழகி இருந்தாள், கொடியவர்கள் கையில் என்னை விடாதே என்று அவள் வேண்டியதைக் கேட்டேன் என்று தன் உரைகளில் ரூமியே ஒரு இடத்தில் சொல்கிறார். ஊர் பறிபோகும் நேரம், பறிக்கப்படாமல் தப்பிய ஒரு பெண். கதையில் வருவதோ தப்பாமல் விலைக்குப் போன பெண். இதற்கு மேல் இழுத்தால் கயிறு அறுந்துவிடும், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேலனின் வெற்றுப் பெயர்கள்

மஸ்னவி முழுக்கவே ரூமி கதையை விட்டு வெளியே போய்க்கொண்டுதானே இருக்கிறார், ஒவ்வொரு விலகலையும் துள்ளல் என்று குறித்தால் எதைத்தான் குறிக்காமல் விடுவது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் கேலனின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வேண்டும். இதே கதையில் வேறு விலகல்களை எடுத்துக்கொண்டேன். மரியாதைக்குறைவால் ஊருக்கே வரும் கேடு பற்றி ஒன்று, ராஜா விருந்தாளியை எதிர்கொள்ளும் இடத்தில் வருகிறது. முள் பற்றியது இன்னொன்று. இரண்டும் சீராக, நிதானமாகப் போகின்றன, பாடம் சொல்கின்றன, முடிந்ததும் கதை தொடர்கிறது. யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் மறுக்கவில்லை. ஷம்ஸ் பகுதியில் மட்டும் பேச்சு இருவருக்கிடையே வாக்குவாதமாக உடைகிறது, சொல்ல மாட்டேன் என்ற மறுப்பு பலமுறை வருகிறது, உடம்பு பற்றிய முறையீடு வருகிறது. பொற்கொல்லன் கொலைக்கான விளக்கம் நடுவில் நிற்கிறது. அது வாக்குவாதம் இல்லை, ஆனால் சத்தியம் வரை போகிற பதற்றம் இருக்கிறது. இந்த அளவு வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

ரத்தம் தேடாதே என்ற வரியைப் பிடித்துக்கொண்டு ஷம்ஸ் கொலைசெய்யப்பட்டார், அதில் ரூமியின் ஒரு மகனுக்கே பங்கு இருந்தது, அதுதான் பொற்கொல்லன் கதையாக இங்கே வந்திருக்கிறது என்று ஒரு பாய்ச்சல் பாயலாம். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் பாய மாட்டேன். கொலைக் கதை பின்னாளில் அஃப்லாகி எழுதிய புனித வரலாற்றிலிருந்து வருகிறது, அதை நம்பாத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த வரிக்குச் சீடர்களிடையே மறுபடி சண்டை மூட்டாதே என்ற பொருளும் இயல்பாகப் பொருந்தும், ஷம்ஸ்மேல் பொறாமைப்பட்ட கூட்டம் கொன்யாவில் இருந்தது. நாடி துள்ளியது என்பது வரை எழுத்தில் இருக்கிறது. ஏன் துள்ளியது என்பதற்கு ஹகீம் நோயாளியையே கேட்டார். ஹுசாமுத்தீனும் கேட்டுப் பார்த்தார், பதில் கிடைக்கவில்லை, அவருக்கே கிடைக்காததை எழுநூறு வருடம் கழித்து நான் ஊகித்து எழுதுவதைவிட இந்த ஆய்வை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.